கொடுவாவின் கண்ணும் தூண்டிலின் வர்ணமும்

(சிதம்பரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூண்டில் முள்ளுக்கு எந்த வர்ணத்தில் உடை உடுத்துவது என்ற ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்தச் சபையில் எனக்கு இடம் தந்திருக்கிறீர்கள். கேட்பதற்கு அது அற்ப விஷயமாகத் தோன்றக்கூடும். ஆனால், அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால், வெயிலின் சுபாவம், நீரின் சுபாவம், மீனின் கண் அமைப்பு, இந்த ஊருக்குக் கிழக்கே நிற்கும் காடு, எந்த மாதத்தில் எந்த மலையின் மண் வெள்ளாற்றில் கரைந்து வருகிறது என்பது வரையில் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதை, கடலூர்க் கரையிலும் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்திலும் பிச்சாவரத்துக் கால்வாய்களிலும் பல வருஷங்கள் தூண்டிலோடு நின்ற பிறகே நான் உணர்ந்தேன்.

முதலில் மீனைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க தேசத்து ஏரிகளிலும் ஆறுகளிலும் ‘பாஸ்’ என்று ஒரு மீன் உண்டு. அதைத் தூண்டிலில் பிடிப்பது அந்நாட்டில் லட்சக்கணக்கான ஜனங்களுக்குப் பிரியமான பொழுதுபோக்கு. அதற்கு எந்த நீரில் எந்த வர்ணம் கட்டுவது என்பதைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பதும் ஏராளம். அந்த மீன் நம் கழிகளில் இல்லை. ஆனால், வாயைத் திறந்து நீரோடு இரையையும் ஒரே உறிஞ்சாக உள்ளே இழுத்துக்கொள்ளும் அதே வேட்டை முறையும், வேருக்கும் கல்லுக்கும் பின்னால் பதுங்கியிருக்கும் அதே குணமும் உடைய ஒரு மீனை நாம் தலைமுறை தலைமுறையாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு வருகிறோம். அதுதான் கொடுவா. வங்காளத்தில் அதற்குப் பெட்கி என்றும், மலையாளத்தில் காளாஞ்சி என்றும், தெலுங்கில் பண்டுகப்பா என்றும் பெயர். மலேயாவுக்குப் போன நம் மக்கள் சியாக்காப் என்று வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அது பாரமுண்டி. விஞ்ஞானிகள் ‘ஆசியக் கடல் பாஸ்’ என்று அழைக்கும் இந்த மீனுக்கு 1790ஆம் ஆண்டில் சாஸ்திரப் பெயர் சூட்டியவர் பெர்லின் நகரத்து வைத்தியரான பிளாக் என்பவர். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து ஜான் என்ற பாதிரியார் பல மீன்களை அனுப்பிவந்தார் என்பதும், அந்த நன்றிக்கு ஒரு மீன் குலத்துக்கே அவர் ஜானின் பெயரை வைத்தார் என்பதும், நம் கரைக்கும் அந்தப் பழைய மீன் சாஸ்திரத்துக்கும் உள்ள உறவைக் காட்டுகின்றன.

கொடுவாவின் வாழ்க்கை கழிமுகத்தோடு பின்னிக் கிடப்பது. கடல்நீர் கலக்கும் முகத்துவாரத்தருகே முட்டையிட, குஞ்சுகள் கழியிலும் நன்னீரிலும் ஏறி வளர்ந்து, பருவம் வந்ததும் மறுபடியும் உப்புநீர் நோக்கி இறங்குகின்றன. இளமையில் ஆணாக இருப்பது, சில வருஷங்கள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகையினால் 4 கிலோவுக்கு மேல் கனக்கும் கொடுவா அநேகமாகத் தாய்மீன்தான். இதை நினைவில் வைத்திருங்கள். இந்த விஷயத்துக்குத் திரும்ப வருவேன்.

இனித் தூண்டில். முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தலையாக்கி, தலைக்குப் பின்னால் சேவலின் கழுத்து இறகையோ, ஆட்டு வால் மயிரையோ, ரப்பர் இழைகளையோ பாவாடைபோலச் சுற்றிக் கட்டிய போலி இரைக்கு ‘ஜிக்’ என்று பெயர். நம் பக்கத்து இளைஞர்களும் அப்படியே சொல்லுகிறார்கள். நான் ஈயத்தலை என்று சொல்லிக்கொள்கிறேன். இதற்குத் தானாக நீந்தும் சக்தி கிடையாது. கம்பின் நுனியை உயர்த்தினால் துள்ளும், தளர்த்தினால் தலைகுப்புற இறங்கும். அந்தத் துள்ளலும் இறக்கமும், சேற்றில் இறால் பின்வாங்கித் தாவுவதைப்போல் இருப்பதால்தான் மீன் ஏமாறுகிறது. வீட்டிலேயே ஈயம் வார்க்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயப் புகை விஷம். ஆகையால் திறந்த வெளியில், சமையலுக்கு என்றைக்கும் உதவாத பாத்திரத்தில்தான் அதைச் செய்ய வேண்டும்.

இந்த ஈயத்தலைகள் பன்னிரண்டை, பன்னிரண்டு வர்ணங்களில், அறை அறையாகப் பிரித்த ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ஒரு கார்த்திகை மாதத்தில், கிள்ளையைச் சேர்ந்த ஒரு பெரியவரின் படகில் நான் போனேன். அதற்கு முந்தின மாசியில் தேவனாம்பட்டினத்துக் கரையில், பழைய டேவிட் கோட்டைக்குக் கீழே, நீலமும் வெள்ளியும் கலந்த ஒரு ஈயத்தலை எனக்கு அடுத்தடுத்து மூன்று பாரை மீன்களைத் தந்திருந்தது. அதனால் அந்த நீலத்தின்மேல் எனக்கு அபார நம்பிக்கை. படகு காட்டுக்குள் நுழைந்ததும் அதையே எடுத்துக் கட்டினேன். ஒரு மணி நேரம் வீசினேன். தூண்டில் நரம்பாகிய தங்கூசி ஒரு தடவைகூட விரலைத் தட்டவில்லை. துடுப்பைப் போட்டுக்கொண்டே பார்த்திருந்த பெரியவர், “தம்பி, பொட்டிய அப்பறமா தொறக்கலாம், மொதல்ல தண்ணியப் பாருங்க” என்றார்.

நான் பார்த்தேன். மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. உதிர்ந்த இலைகளெல்லாம் ஊறி ஊறி, கால்வாய் நீர், பால் கலக்காத தேயிலை டிகாக்ஷனைப்போல் செம்பழுப்பாக நின்றது. பெரியவர் என் பெட்டியை வாங்கி, ஒவ்வோர் ஈயத்தலையாகத் தங்கூசியில் கட்டச் சொல்லி, படகின் நிழல் விழுந்த பக்கத்தில் இறக்கச் சொன்னார். அது கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தம் கையால் ஜாண் போட்டு அளந்தார். நீலம் இரண்டு ஜாண் இறங்குவதற்குள் நிறமிழந்து கறுத்து, மூன்றாவது ஜாணில் நீரோடு நீராகிவிட்டது. ஊதாவுக்கும் அதே கதி. பச்சை, சேற்றில் விழுந்த வெற்றிலைபோல் மங்கிற்று. வெள்ளை, இறங்க இறங்க மஞ்சளாகி, பிறகு செப்புக் காசின் நிறமாகி, வெகுநேரம் தெரிந்தது. ஆரஞ்சும் சிவப்பும் கடைசிவரையில் தங்கள் நிறத்தை விடவில்லை. சுத்தக் கறுப்பு மட்டும் ஆரம்பத்தில் எப்படியோ அப்படியே, கத்தரித்த நிழல்போல், விளிம்பு மாறாமல் இறங்கிக்கொண்டே போயிற்று. பெரியவர் கறுப்பையும், அதன் பாவாடையில் நாலு இழை ஆரஞ்சும் சேர்ந்திருந்த ஒன்றையும் தனியே எடுத்து வைத்தார்.

“நீங்க இந்த மாதிரி சாயம் பூசின முள்ளு போடறது உண்டா, பெரியவரே?” என்று கேட்டேன். “நமக்கு எதுக்கு அது? உசிர் எறா இருக்கு. ஆனா வலைக்கு நெறம் பாக்காம யாரு வாங்குவா? வல மீனுக்குத் தெரியக் கூடாது. ஒங்க முள்ளு தெரியணும். அவ்வளவுதான் தம்பி. வலைக்கு ஒத்த நெறம் முள்ளுக்கு ஒத்துக்காது” என்றார். நண்பர்களே, பிற்காலத்தில் இது பற்றி நான் படித்த புத்தகங்களில் எதுவும் இந்த நாலு வாக்கியங்களைத் தாண்டி எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பருத்தி நூல் காலத்தில் மரப்பட்டைச் சாயத்தில் வலையைத் தோய்த்தவர்களும், இப்போது கடையில் நைலான் வலையைப் பச்சையா நீலமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்களும், நீரின் நிறத்தோடு ஒன்றிப்போகும் நிறம் எது என்று தேடுகிறார்கள். அந்த ஞானத்தைத் தலைகீழாக வைத்தால் தூண்டில் சாஸ்திரம் ஆகிறது.

அன்று மாலை, சுரபுன்னையின் விழுதுகள் நீரைத் தொடும் ஒரு வளைவில், கறுப்பு ஈயத்தலையை வேர்களை ஒட்டி இறக்கினேன். அது தரையைத் தொட்டு ஒரு தரம் துள்ளியதும், ஆள்காட்டி விரலில் தங்கூசி ‘டக்’கென்று ஒரு தட்டுத் தட்டியது; பிறகு கம்பு வளைந்தது. ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். அதை ஏற்றும்போது பெரியவர் என் கையைத் தட்டிவிட்டு, தாமே வாயின் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினார். கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் வெட்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும்.

இதற்குக் காரணம் என்ன என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், அயல்நாட்டுப் புத்தகங்களில் நான் படித்து மனனம் செய்திருந்த ஒரு விதி, இங்கே எனக்கு உதவாததோடு வழியையும் தப்பவிட்டது என்று தெரிந்தது. நீருக்குள் இறங்க இறங்க முதலில் அழிவது சிவப்பு, கடைசிவரை நிற்பது நீலம் என்பது அந்த விதி. அது பொய்யன்று. சுத்தமான நீரில் நல்ல சிவப்பொளி 5 மீட்டர் இறங்குவதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்து, 10 மீட்டரில் நூற்றுக்கு மூன்று நாலு பங்கே மிஞ்சுகிறது. ஆழ்கடலில் வஞ்சரத்தைத் தேடிப் போகிறவருக்கு அந்த விதி பிரமாணம். ஆனால், பிச்சாவரத்துக் கால்வாய்களில் பெரும்பாலும் ஓர் ஆள் ஆழம்தான். அந்த ஆழத்தில் நீர் தன் சொந்தச் சுபாவத்தால் சிவப்பைத் தின்பது சொற்பம். இங்கே ஒளியைத் தின்பது நீரில் கரைந்திருக்கும் இலைச்சாறு. அது முதலில் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிவிட்டு, மஞ்சளையும் ஆரஞ்சையும் சிவப்பையும் விட்டுவைக்கிறது. ஆகவே, நீலக்கடலில் எந்த வர்ணம் சிரஞ்சீவியோ, அதுவே காட்டு நீரில் அற்பாயுசாகி, அங்கே முதலில் சாவது இங்கே கடைசியில் சாகிறது. நம் கழியில் நிற்கிறவன் ஆழ்கடல் விதியைத் தூக்கி வந்தால், என் கதிதான்.

அந்த இலைகளில் தில்லையும் உண்டு. இந்த ஊருக்கே பெயராகி, நடராஜப் பெருமான் கோயிலுக்குத் தலவிருட்சமாகிய அந்த மரம் கழிமுகத்துக் காட்டு மரம். உதிர்வதற்கு முன் அதன் இலை செக்கச் சிவந்து, நீரில் விழுந்து கிடக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்பதையும், படகைக் கிளைகளுக்கடியில் தள்ளிக்கொண்டு போகிற இளைஞர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். இந்தக் காடு, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில், 1,100 ஹெக்டேர் அளவில், ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுகளாகச் சிதறி நிற்கிறது. காப்புக்காடு ஆகையால் வனத்துறையின் அனுமதியோடுதான் உள்ளே போக வேண்டும்.

நீரின் நிறத்தைப் பார் என்று சொல்வது சுலபம், பார்ப்பது சுலபமல்ல. நாம் கரையில் நின்று காண்பதில் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பில் விழுந்த ஆகாயத்தின் பிரதிபிம்பம். இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1921ஆம் ஆண்டில், ‘நார்க்குண்டா’ என்ற கப்பலில் ஐரோப்பாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சர் சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலம் தம் கண்ணைக் கவர, அது ஆகாயத்தின் பிரதிபிம்பமே என்று ராலே பிரபு சொல்லியிருந்ததைச் சோதிக்கக் கருதி, நிக்கோல் பட்டகம் என்னும் படிகக் கருவியைக் கண்ணில் வைத்து, மேற்பரப்பிலிருந்து தெறித்து வரும் ஒளியைத் தக்க கோணத்தில் அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடித்து அந்த நிறத்தை உண்டாக்குகின்றன என்று அவர் கண்டது, பின்னால் 1928இல் உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது. அவர் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள திருவானைக்காவலில். அந்தக் கொள்ளிடம்தான் நம் காட்டின் தெற்கெல்லையில் கடலில் விழுகிறது. இன்று மீன்பிடிப்பவர்கள் அணியும் போலராய்டு கண்ணாடி, அந்த நிக்கோல் பட்டகம் செய்த வேலையையே செய்கிறது. அது இல்லாதவர், என் பெரியவரைப்போல, படகின் நிழல் விழும் பக்கத்தில் குனிந்து பார்த்தால் போதும். மேலே தெறிக்கும் வானத்தைக் கழித்துவிட்டு, நீரின் சொந்த நிறத்தைக் காண்பதே முதற்காரியம்.

சரி, மீனுக்கு நிறம் தெரியுமா? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹெஸ் என்ற கண் வைத்திய நிபுணர் தெரியாது என்றார். பிற்காலத்தில் தேனீக்களின் நடனத்தைக் கண்டு சொல்லி நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ், சின்னஞ்சிறு ஆற்று மீன்களுக்கு நிறத்தைக் காட்டி உணவிட்டுப் பழக்கி, தெரியும் என்று நிரூபித்தார். அமெரிக்க ஏரிப் பாஸைப் பற்றி இல்லினாய் மாநிலத்தில் பிராங்க் பிரவுன் என்பவர் செய்த பரிசோதனைகள் 1937இல் வெளிவந்தன. அதே மாநிலத்தில் நம் காலத்தில் நடந்த ஆராய்ச்சியில், அந்த மீனின் கண்ணில் நிறமறியும் கூம்பு அணுக்கள் இரண்டே வகை, ஒன்று பச்சைக்கும் மற்றொன்று சிவப்புக்கும் என்று தெரிந்தது. சிவப்பையும் பச்சையையும் அது திட்டமாகப் பிரித்தறிகிறது. ஆனால் கிளிப்பச்சை சாய்ந்த மஞ்சளையும் வெள்ளையையும், கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிய அதனால் முடியவில்லை. கடைக்காரர் வேறு வேறு விலை சொல்லி விற்கும் இரண்டு வர்ணங்கள் அந்த மீனுக்கு ஒன்றே. கொடுவா வேறு குலம். ஆகையால் அந்தக் கணக்கை அப்படியே இதன்மேல் ஏற்றக்கூடாது. ஆனாலும், நம் கண்ணுக்கு அழகாக இருப்பது மீன் கண்ணுக்குப் பொருள்படும் என்ற எண்ணத்தை விட்டொழிக்க அந்த ஆராய்ச்சி போதும்.

இதைவிட எனக்கு அதிசயமாகத் தோன்றுவது, ஜார்ஜ் வால்ட் என்ற விஞ்ஞானி 1930களில் கண்டு சொன்ன விஷயம். கடல்மீனின் கண்ணில் ஒளியை வாங்கும் நிறமி ஒரு விதமாகவும், நன்னீர் மீனுக்கு அதுவே சற்றுச் சிவப்புப் பக்கமாகச் சாய்ந்த வேறு விதமாகவும் அமைந்திருக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வரும் சால்மன் போன்ற மீன்கள், தாங்கள் இருக்கும் நீருக்கு ஏற்ப இந்த இரண்டின் விகிதத்தை மாற்றிக்கொள்கின்றன. நன்னீரில் மஞ்சளும் சிவப்புமே மிஞ்சும்; கடலில் நீலமும் பச்சையும் மிஞ்சும்; கண் அதனதன் நீரை அனுசரித்தே அமைந்திருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காகவும் பார்வை பற்றிய பிற ஆராய்ச்சிகளுக்காகவும் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தி சாய்ந்தால் இந்த விசாரமெல்லாம் வேறாகிறது. வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியை மாலையில் பார்த்திருப்பீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் இலை இன்னும் பச்சையாகத் தோன்றும்போதே பூ கறுத்துவிடும். வெளிச்சம் குறையக் குறையக் கண்ணில் நிறமறியும் பகுதி ஓய்ந்து, வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் அறியும் பகுதி வேலைக்கு வருகிறது. அதற்குச் சிவப்பு என்பது கறுப்புதான். கொடுவா இரவு வேட்டைக்காரன். லாந்தர் வெளிச்சத்தில் அதன் கண் கனல்போல் மின்னுவதைப் படகில் போனவர்கள் கண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அது மேல்நோக்கிப் பார்க்கிறது. நீருக்குள்ளிருந்து மேலே பார்ப்பவனுக்கு வானம் முழுவதும், ஏறக்குறைய 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டப் பலகணிக்குள் அடங்கித் தெரியும் என்பது ஒளி நூலில் உள்ள விதி. அந்த மங்கிய வட்டத்துக்குக் குறுக்கே போகும் எதுவும் நிழலுருவம்தான். ஆகையினால் இருட்டில் கறுப்பைக் கட்டுவது முரணாகத் தோன்றினாலும், அதைவிடத் தெளிவான உருவம் வேறில்லை.

நம் நீர்களுக்கு வருகிறேன். வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு ஆகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்ததும் சேலத்து மலைகளின் மண்ணெல்லாம் கரைந்து, பரங்கிப்பேட்டையில் ஆறு செங்காவியாகக் கடலில் விழுகிறது. முங்கிய கை முழங்கைக்குக் கீழே தெரியாத அந்தக் கலங்கலில், வர்ணத்தைப் பற்றிய பேச்சே வீண். கொடுவாவுக்கு உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டில் நீரின் அதிர்வை அறியும் சக்தி இருக்கிறது. பருத்த பாவாடை கட்டிய பெரிய ஈயத்தலையை மெதுவாக இழுத்து அந்தச் சக்தியை எழுப்புவதே வழி. பிச்சாவரத்து இருளர் மக்கள், பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு கலங்கல் நீரில் வெறும் விரல்களால் தடவித் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, கண்ணில்லாமலும் வேட்டை உண்டு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மார்கழி, தையில் வண்டல் படிந்து, மாசி, பங்குனியில் முகத்துவாரம் தெளிகிறது. அப்போது மடவையின் விலாவைப்போல் வெள்ளியும், இறாலைப்போல் பாதி ஊடுருவித் தெரியும் இளம்பழுப்பும் போதும். வெள்ளி, கண்ணாடியாக இருந்து, சுற்றியுள்ள நீரின் நிறத்தை வாங்கித் தன்னதாக்கிக்கொள்ளும். மீன்கள் உலகெங்கும் அந்த வேஷத்தையே போட்டிருப்பதற்குக் காரணம் அது. இங்கே பளீரென்ற ஆரஞ்சைப் போட்டால் மீன் வெருண்டு விலகுவதை நானே கண்டிருக்கிறேன். பெரியவர் சொன்ன ‘தெரியணும்’ என்பதற்கு, தெளிந்த நீரில் ‘தெரிந்தால் போதும்’ என்று பொருள் கொள்ள வேண்டும்.

சித்திரைக்குப் பிறகு சோழகக் காற்றடிக்கும் நாட்களில் கழி பாசிபிடித்துப் பச்சையாகிறது. பச்சை நீருக்குப் பச்சை என்று பலர் கட்டுகிறார்கள். அது வலைக்காரன் கணக்கு. பச்சைக்குள் பச்சை மறையும். ஆனால், ஒளிரும் சாயம் பூசிய கிளிப்பச்சை ஒரு விதிவிலக்கு. அது கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கதிரையும் நீலத்தையும் விழுங்கி, மஞ்சட்பச்சையாகத் திருப்பி உமிழ்வதால், நிறத்தில் நீரோடு ஒத்திருந்தும் பிரகாசத்தில் அதை மிஞ்சி நிற்கிறது. அதே சாயத்தைத் தேயிலை நிறத்துக் காட்டு நீரில் இறக்கினால், விழுங்குவதற்கு நீலம் கிடைக்காமல் பட்டினி கிடக்கும்.

மாதத்துக்கு மாதம் மட்டுமல்ல, நீர் மணிக்கு மணியும் மாறுகிறது. ஏற்றத்தில் கடல்நீர் தெளிவாக உள்ளே ஏறுகிறது. வற்றத்தில் காட்டின் டிகாக்ஷன் வெளியே இறங்குகிறது. ஒரே படித்துறையில் காலையில் வெள்ளியைக் கட்டியவன், ஆறு மணி நேரத்துக்குள் கறுப்புக்கு மாற வேண்டியிருக்கும். நேற்று எது கடித்தது என்று கேட்டு வர்ணம் கட்டுகிறவர்கள், நேற்றைய நீரில் மீன் பிடிக்கிறார்கள்.

கணவாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர் பல தலைமுறைகளாக ‘எகி’ என்ற மர இறாலைச் செய்து, அதற்கு விதவிதமான பட்டு உடுத்திக் கணவாய் பிடிக்கிறார்கள். அது இப்போது நம் கடைகளிலும் கிடைக்கிறது. கணவாயினங்களில் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒரே ஒரு நிறமிதான் உண்டு. அவற்றுக்கு நிறமே தெரியாது. அங்கே வர்ணம் வேலை செய்கிறது என்றால், அது வெளிறியதா, இருண்டதா என்ற ஒரே வித்தியாசத்தால்தான்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். கொடுவா பிடிப்பதில் இடமும் ஆழமும் முதல், ஈயத்தலை துள்ளும் விதம் இரண்டாவது, வர்ணம் மூன்றாவதுதான். பன்னிரண்டு வர்ணப் பெட்டியை நான் கொடுத்துவிட்டேன். கறுப்பில் ஆரஞ்சிழை, வெள்ளி கலந்த வெள்ளை, இறால் பழுப்பு, ஒளிரும் கிளிப்பச்சை ஆகிய நாலே வைத்திருக்கிறேன். ஆனால், அந்த மூன்றாவது விஷயத்தைக் கவனிக்கிறவன் நீரைக் கவனிக்கிறான். நீரைக் கவனிக்கிறவனுக்கு முதல் இரண்டும் தாமே வசப்படுகின்றன.

நீரைக் கவனிப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1865ஆம் ஆண்டில் ரோமாபுரியைச் சேர்ந்த செக்கி என்ற பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளை வட்டத் தட்டைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். இன்றும் உலகமெங்கும் நீரின் தெளிவை அளக்க அந்தத் தட்டையே இறக்குகிறார்கள். இங்கே, பேராசிரியர் ஆர். வி. சேஷையா வளர்த்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெருமையாக நிற்கும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் நிலையத்து மாணவர்கள், அதை வெள்ளாற்றில் இறக்காத வருஷமில்லை. என் பெரியவர் ஜாண் போட்டு அளந்ததும் அதே அளவைத்தான்.

மாணவ நண்பர்களிடம் எனக்கு இரண்டு விண்ணப்பங்கள். 4 கிலோவுக்கு மேற்பட்ட கொடுவா உங்கள் தூண்டிலில் அகப்பட்டால், முள்ளை நீரிலேயே வைத்துக் கழற்றி, தாயை விட்டுவிடுங்கள். மற்றொன்று, ஒரு ஜாண் அகலமுள்ள வெள்ளைத் தட்டின் நடுவில் துளையிட்டு, அடியில் ஈயக்குண்டும் மேலே ஜாணுக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும் கட்டி, தூண்டிலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அதை ஏற்றத்தில் ஒரு தரம், வற்றத்தில் ஒரு தரம் இறக்கிப் பாருங்கள். எத்தனையாவது முடிச்சில் மறைந்தது, மறையும்போது எந்த நிறமாக இருந்தது, பக்கத்தில் நின்ற வலைக்காரர் அந்த நீரை என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்ற மூன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து பேர் ஒரு வருஷம் எழுதினால், ஐப்பசி தொடங்கிப் புரட்டாசி வரையில் வெள்ளாற்றுக்கும் உப்பனாற்றுக்கும் கெடிலத்துக்கும் பிச்சாவரத்துக்கும் நீர்ப் பஞ்சாங்கம் ஒன்று தமிழில் தயாராகிவிடும். அந்த நோட்டுகளை வாங்கி, ஒப்பிட்டு, அச்சுக்குத் தயார் செய்து தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.